பிள்ளைகளோடு போகக்கூடிய கடை

புலமைப்பரிசில் பரீட்சை முடிந்த அன்று லதுசிகா தாயிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். கடற்கரையில் இருக்கிற கடையொன்றில், மேசைக்கு முன்னால் கதிரையில் இருந்து, நண்டு சாப்பிட வேண்டும். உருத்திரபுரத்தில் நண்டு கிடைக்காமல் இல்லை. பூநகரிப் பக்கமிருந்து மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வருகிற மீன்காரர் ஒழுங்கைக்குள் ஹோர்ன் அடித்துக்கொண்டுதான் திரிகிறார். ஆனால் வகுப்புப் பிள்ளை ஒருத்தி முல்லைத்தீவுக்குப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்ட கதையைச் சொல்லிச் சொல்லி, இவளுக்கும் ஆசை பிடித்துவிட்டது.

சாரங்கா சம்மதித்தாள். சம்மதித்த பிறகுதான் பயம் வந்தது.

அவளுடைய கணவன் ஜெயந்தன் ஓட்டோ ஓட்டுகிறவன். நல்ல உழைப்பாளி. பிள்ளைகள் என்றால் உயிர். குடித்தால் மட்டும் வேறு ஆள். அந்த நாட்களில் அவள் எத்தனையோ தடவை பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பின்வேலியால் அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். போன வருசம் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போன இடத்தில், ஒருவரும் கேட்காமல், அவனாகவே அம்மனுக்கு முன்னால் நின்று இனித் தொடுவதில்லை என்று சத்தியம் பண்ணினான். அதன்பிறகு தொடவில்லை. சாரங்கா அதை யாருக்கும் சொல்லவில்லை. வாயால் சொன்னால் கலைந்துவிடும் போலிருந்தது. கலியாண வீடுகளுக்குத் தனியாகப் போய் வந்தாள். செத்த வீடுகளில் இருந்து அவனை நேரத்தோடு கூட்டிக்கொண்டு வந்தாள். அவனில் நம்பிக்கை இல்லாமல் இல்லை. இடங்களில்தான் அவளுக்கு நம்பிக்கை இல்லை.

அதனால் கடை தேடுகிற வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலையொன்றில் அவளுக்கு வேலை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனை வைத்துக்கொண்டு முல்லைத்தீவுக் கடைகளின் படங்களைப் பார்ப்பாள். பொரித்த பாரை, இறால், தேசிக்காய்த் துண்டு வைத்த கணவாய். அவள் மீனைப் பார்ப்பதில்லை. படத்தை விரலால் பெரிதாக்கி மூலைகளைப் பார்ப்பாள். பின்மேசையில் பச்சைப் போத்தல் தெரிந்தால் அந்தக் கடை சரிவராது. சில கடைகளுக்குக் கீழே, குடும்பத்தோடு போகலாம், பிள்ளைகளுக்கு நல்ல இடம் என்று ஆட்கள் எழுதியிருந்தார்கள். எழுதினவர்களின் குடும்பம் எப்படிப்பட்டதென்று யாரைப் போய்க் கேட்பது?

பக்கத்து மெசினில் தைக்கிற பிறின்சி முல்லைத்தீவுக்காரி. அவளிடம், குடிக்கிற ஆட்கள் வராத கடை ஏதும் இருக்கிறதா என்று பட்டும் படாமல் விசாரித்தாள். பிறின்சி ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு கடைகளின் பெயரைச் சொன்னாள். அதில் ஒன்றில் குடும்பங்களுக்கென்று புறம்பான அறை இருக்கிறதாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளிக்கிட்டார்கள். லதுசிகாவும் தாயும் பின்னுக்கு. ஐந்து வயது அக்சரன் தகப்பனோடு முன்சீற்றின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, தானும் ஹாண்டிலில் ஒரு கையை வைத்திருந்தான். பரந்தன் சந்தியால் திரும்பி, விசுவமடு தாண்டி, புதுக்குடியிருப்பில் சோடா குடித்தார்கள். அதுவரைக்கும் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்த ஜெயந்தன், அதற்கங்கால் பாட்டை நிற்பாட்டினான். கடைசிச் சண்டையில் செத்த அவனுடைய அண்ணனை அந்தப் பக்கத்து மண்ணில்தான் எங்கேயோ வைத்துவிட்டு வந்தவர்கள். எந்த இடம் என்று இப்போது சொல்லத் தெரியாது. பிள்ளைகளுக்கு அது ஒன்றும் தெரியாது. வட்டுவாகல் பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் தண்ணீரைக் கண்டு இருவரும் கூவினார்கள். ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய, கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய பாலம் அது. ஜெயந்தன் மெதுவாக, மிகவும் கவனமாக ஓட்டினான்.

குடும்ப அறை உள்ள கடைக்கு முதலில் போனார்கள். அறை இருந்தது உண்மை. அந்த அறைக்குப் போகிற வழி, பாருக்குள்ளால். நடுப்பகலிலேயே அங்கே மேசைகள் நிறைந்திருந்தன. பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு சாரங்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே சரியான புழுக்கமாக இருக்கிறது, வேறு இடம் பார்ப்போம் என்று சொன்னாள். ஜெயந்தன் அவளை ஒரு முறை பார்த்தான். ஓட்டோவைத் திருப்பினான்.

இரண்டாவது கடை கடற்கரையில், ஓலைக் குடில்களோடு நன்றாகத்தான் இருந்தது. தெற்கிலிருந்து வந்த பஸ்ஸொன்று வாசலில் நின்றது. லதுசிகா ஓடிப்போய் ஒரு குடிலில் இடம் பிடித்துவிட்டாள். மேசை துடைக்க வந்தவன் சாப்பாட்டைப் பற்றிக் கேட்க முதல், ஜெயந்தனைப் பார்த்து, அண்ணைக்குக் குளிராக என்ன எடுக்கட்டும் என்று கேட்டான். பக்கத்துக் குடிலில் காலுக்குக் கீழே போத்தல்கள் உருண்டு கிடந்தன. அங்கே இருந்தவர்களில் ஒருவன் எழும்பி வந்து ஜெயந்தனின் தோளில் தட்டினான். மெல்ரொன் என்று பெயர். முன்பு மீன் ஏற்றுகிற வேலையில் கிளிநொச்சிக்கு வந்து போனவன், அந்த நாளில் ஜெயந்தனோடு சேர்ந்து குடித்தவன். இப்போது மாதா கோவிலுக்குப் பக்கத்தில் தனக்கு ஓலையால் மேய்ந்த மீன் வாடி இருக்கிறது என்றும், வந்தால் சந்திக்காமல் போகக்கூடாது என்றும் சொன்னான். ஜெயந்தன் சிரித்துக்கொண்டு, பிள்ளைகளோடு வந்திருக்கிறேன் என்றான். அந்தப் பதில் சாரங்காவுக்கு ஆறுதலாக இருந்தது. ஆனாலும் எழும்பிவிட்டாள். லதுசிகாவின் முகம் சுருங்கியது.

அதன்பிறகு கடற்கரை வீதியால் சும்மா ஓடினார்கள். ஒரு திருப்பத்தில் அழகான கடையொன்று வந்தது. வெள்ளை பூசிய கல் வரிசை, வெட்டிவிட்ட புல்லு, ஊஞ்சல், சறுக்குமரம். சின்னப் பிள்ளைகள் கை கழுவுவதற்கென்று உயரம் குறைந்த தொட்டிகூடக் கட்டியிருந்தார்கள். மதுபானம் இல்லை என்று மூன்று மொழியிலும் பலகை போட்டிருந்தது. பலகைக்கு அருகில் சீருடையோடு ஒருவன் நின்று உள்ளே வரும்படி கையைக் காட்டினான். படைக்காரர் நடத்துகிற கடை அது.

"அப்பா, இது, இது" என்று அக்சரன் ஊஞ்சலைக் காட்டினான்.

ஜெயந்தன் எஞ்சினை நிற்பாட்டவே இல்லை. "நான் இதுக்குள்ளை வரமாட்டன்" என்றான், முன்னாலேயே பார்த்துக்கொண்டு.

ஏன் என்று லதுசிகா கேட்டாள். நீங்கள் இதில் நில்லுங்கோ, நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பிடக் குடுத்துக்கொண்டு வாறன் என்று சொல்லச் சாரங்காவுக்கு வாய்வரை வந்தது. அவனுடைய கழுத்து நரம்பைப் பார்த்துவிட்டு விழுங்கினாள். பிறகு வந்த மாதங்களில் இந்த இடத்தைத்தான் அவள் திரும்பத் திரும்ப நினைத்தாள்.

கடைசியில் பிறின்சிக்குப் போன் எடுத்தாள். பிறின்சி உடனே, ஏன் அக்கா என்னிடம் முதலே இப்படி வடிவாய்ச் சொல்லவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டு, தன் சின்னம்மாவின் வீட்டுக்குப் போகச் சொன்னாள். மாதா கோவிலுக்குப் பின்னால், கடலுக்கு இரண்டு வளவு தள்ளி. முற்றத்தில் தகரம் போட்டு, மேசை வைத்து, கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் சமைத்துக் கொடுக்கிறவ. குடிக்கிற ஆட்களைப் படலைக்குள்ளும் விடமாட்டா.

புனிதமலர் என்ற அந்த அம்மா பருத்த உடம்பும் உரத்த குரலுமாக அவர்களை வரவேற்றா. கணவர் மத்தேயு கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த இடத்திலிருந்து எழும்பி வந்து, அக்சரனைத் தூக்கி, காலையில் பிடித்த நண்டைக் காட்டினார். நண்டு இன்னும் உயிரோடு ஓலைக் கடகத்துக்குள் கிறுகிறுத்தது. சமைத்து முடியக் கொஞ்ச நேரம் செல்லும், பிள்ளைகளுக்குப் பசியென்றால் முதலில் மீன் பொரித்துத் தருகிறேன் என்றா அம்மா. மேசை சுத்தமாக இருந்தது. சுவரில் மாதாவின் படம். சாரங்கா கதிரையில் சாய்ந்து இருந்தாள். காலையிலிருந்து இறுகிக் கிடந்த முதுகு அப்போதுதான் இளகியது.

சமைக்கிற நேரத்தில் ஜெயந்தன் வள்ளங்களைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கரைக்குப் போனான். போகட்டும் என்றுதான் அவள் நினைத்தாள். கடலைப் பார்க்க வந்த மனிதன் கடலைப் பார்க்கத்தானே வேண்டும். குசினியில் புனிதமலருக்குத் தேங்காய் திருவிக் கொடுத்துக்கொண்டு, பிறின்சியின் சின்ன வயதுக் கதைகளைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். மெல்ரொனின் வாடி பக்கத்தில்தான் என்பது அந்த நேரத்தில் அவளுக்கு நினைவில் வரவேயில்லை.

சாப்பாடு மேசைக்கு வந்தபோது அவன் வந்து சேர்ந்தான். முகம் கழுவியிருந்தான். சிவந்த குழம்புக்குள் நண்டு, முருங்கையிலை மணம், சம்பா அரிசிச் சோறு. லதுசிகாவுக்கு நண்டின் கோதை உடைக்கத் தெரியவில்லை. ஜெயந்தன் கதிரையை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டான். காலைக் கடித்து உடைத்து, சதையை முழுசாக உருவி, அவளுடைய தட்டில் வைத்தான். "சாப்பிடு, என்ரை அம்மா. என்ரை ராசாத்தி" என்றான்.

சாரங்காவின் கை சோற்றுக்குள் நின்றுவிட்டது.

மணம் ஒன்றும் வரவில்லை. கறி எல்லாவற்றையும் மூடியிருந்தது. ஆனால் அந்தச் சொல் அவளுக்குத் தெரியும். முதல் போத்தல் முடிகிற நேரத்தில் அவன் மகளை அம்மா என்பான். அந்த நேரத்தில் அவனைவிட அன்பான தகப்பன் உலகத்தில் இருக்கமாட்டான். அதற்குப் பிறகு வருவதுதான் மற்றது. லதுசிகாவும் தட்டைப் பார்த்தபடி மென்று கொண்டிருந்தாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது என்பது அவள் நிமிராமல் இருந்ததில் தெரிந்தது. அக்சரன் மட்டும் கையிலும் மூக்கிலும் குழம்பைப் பூசிக்கொண்டு, அப்பா எனக்கு, அப்பா எனக்கு என்று கேட்டான்.

எல்லோரும் சாப்பிட்டு முடியும்வரை சாரங்கா ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. பிள்ளை கேட்ட சாப்பாட்டை அவள் பாதியில் கலைக்க விரும்பவில்லை. கை கழுவுகிற இடத்தில் வைத்து மெதுவாகக் கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, திறப்பைத் தாங்கோ. ஓட்டோ இஞ்சை நிக்கட்டும். நாங்கள் பஸ்ஸிலை போவம்."

அவன் சிரித்தான். ஒரு மிடறுதான், அவன்கள் விடவில்லை, ஒன்றும் இல்லை என்றான். அவள் திரும்பவும் கேட்டாள். அதற்குள் மத்தேயு வந்துவிட்டார். அவர் ஆளைப் பார்த்ததுமே விளங்கிக்கொண்டார்.

"தம்பி, உள்ளை பாய் போட்டுத் தாறன். கொஞ்ச நேரம் படுத்து எழும்பிப் போம். வெயிலும் தாழட்டும்."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் பிறத்தி மனிதருக்கு முன்னால் என்பதில் ஜெயந்தனின் முகம் மாறியது. விறுவிறு என்று படலைக்குப் போனான். அக்சரன் ஓட்டோவின் முன்சீற்றில் ஏறி, ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு ஏற்கனவே அங்கேதான் இருந்தான். சாரங்கா ஓடினாள். மகனை இறக்கிவிடச் சொன்னாள். வாறதெண்டால் ஏறு, இல்லாட்டி உன்ரை பஸ்ஸிலை வா என்று சொல்லிக்கொண்டு அவன் ஸ்டார்ட் பண்ணினான். அவள் ஓட்டோவின் கம்பியைப் பிடித்தாள். ஓட்டோ அவளையும் இழுத்துக்கொண்டு ஓடியது. மணலில் கால் இடறியது. அவள் கையை விட்டுவிட்டாள்.

மத்தேயு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னால் போனார்.

அவர் திரும்பி வரும்போது தனியாக வந்தார். கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. வட்டுவாகல் பாலத்தில் எதிரே வந்த வானுக்கு விலகத் தெரியாமல் ஓட்டோ விளிம்பால் சரிந்து புரண்டதாம். தண்ணீர் அதில் முழங்காலளவுதான். ஆனால் சின்னவனின் கால் கொங்கிரீட்டுக்கும் ஓட்டோவுக்கும் நடுவில். வானில் வந்தவர்கள் பிள்ளையை எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். தகப்பனும் சேர்ந்துதான் தூக்கி ஏற்றினானாம். பின்னால் வருகிறேன் என்று சொன்னவன், வரவில்லை. பற்றைக்குள் இறங்கிப் போனதைச் சனம் கண்டிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அக்சரன் அழவில்லை. அழுகிற கட்டத்தைத் தாண்டியிருந்தான். அன்றைக்கே அம்புலன்சில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். கணுக்காலுக்கு மேலே எடுக்க வேண்டியிருக்கும் என்று டொக்டர் சொன்னபோது, சாரங்கா தலையை ஆட்டினாள். கையெழுத்து வைக்கக் காட்டிய இடத்தில் வைத்தாள். புனிதமலர் லதுசிகாவைத் தன்னோடு வைத்திருந்து, அடுத்த நாள் பிறின்சியோடு அனுப்பிவைத்தா. வந்து சேர்ந்த பிள்ளை வாட்டு வாசலில் நின்றபடியே கேட்டது, "நான் கேட்டதாலைதானே அம்மா?"

"இல்லை. நீ சாப்பாடுதான் கேட்டனி" என்றாள் சாரங்கா. மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த மடி போதவில்லை.

ஜெயந்தனும் அன்றைக்குத்தான் வந்தான். முழுகி, சவரம் செய்து, தமக்கை சிவனேஸ்வரியோடு வந்தான். மகனின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, துணியால் மூடியிருந்த இடத்தைப் பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்தான். சிவனேஸ்வரி சாரங்காவைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனா. பாலத்துக்குக் கிட்ட மாடு குறுக்கே பாய்ந்தது என்று தம்பி சொல்லப்போகிறான், நீயும் அப்படியே சொல்லு என்றா. நடந்தது நடந்துவிட்டது. கால் திரும்ப வரப்போவதில்லை. உழைக்கிறவனும் உள்ளே போனால் வீடு என்ன கதிக்கு ஆகும்? அவ சொன்னதில் பொய்யான நியாயம் ஒன்றும் இல்லை என்று சாரங்காவுக்கும் தெரிந்தது.

தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் வாக்குமூலம் எடுக்க வந்தார். ஜெயந்தன் மாட்டைப் பற்றிச் சொல்லி முடித்திருந்தான். அவர் சாரங்காவிடம் திரும்பி, நீங்கள் அந்த ஓட்டோவில் இருந்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றாள். ஏன் என்று கேட்டார்.

அவள் ஜெயந்தனைப் பார்த்தாள். அவன் கண்ணால் கெஞ்சினான். அந்தக் கண்ணில் குடி இல்லை. சத்தியம் பண்ணின நாளில் இருந்த அதே மனிதன்தான் நின்றான். அவனுக்கு இரக்கப்பட அவளால் முடிந்தது. அதனால்தான் சொல்லக் கஷ்டமாக இருந்தது.

"அவர் குடிச்சிருந்தவர்" என்றாள். "நான் திறப்பைக் கேட்டனான். தரேல்லை. மாட்டுக் கதை எனக்குத் தெரியாது."

சிவனேஸ்வரி வாயில் கையை வைத்தா. ஜெயந்தன் நிலத்தைப் பார்த்தான். பொலிஸ்காரர் இன்னொரு முறை கேட்டார். அவள் இன்னொரு முறை அப்படியே சொன்னாள்.

நீதவான் அவனை விளக்கமறியலில் வைத்தார். ஊரில் கதை பரவ நேரம் செல்லவில்லை. குடிகாரன் என்று அவனை யாரும் பெரிதாகச் சொல்லவில்லை. குடிகாரர்கள் ஊரில் எத்தனையோ பேர். காட்டிக்குடுத்தவள் என்ற பெயர் அவளுக்குத்தான் வந்தது. அந்தச் சொல் சண்டைக்காலம் கண்ட எங்கள் பக்கத்தில் எப்படிப்பட்ட சொல் என்று விளக்கத் தேவையில்லை. கிணற்றடியில் அவள் வந்தால் கதை நிற்கும். சிவனேஸ்வரி வீட்டுப் பிள்ளைகள் லதுசிகாவோடு சேர்ந்து பள்ளிக்கூடம் போவதை நிறுத்திக்கொண்டார்கள். பரீட்சை முடிவு வந்தது. லதுசிகா சித்தியடைந்திருந்தாள். சாரங்கா கற்கண்டு வாங்கி வைத்திருந்தாள். கொடுப்பதற்கு ஆள் வரவில்லை.

அக்சரனின் புண் ஆறியதும் செயற்கைக் கால் செய்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே வாங்கில் வரிசையாக இருந்தவர்கள் எல்லாம் பெரிய ஆட்கள். பழைய காலை மாற்ற வந்தவர்கள். ஒவ்வொருவரும் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு இருந்தார்கள். அவ்வளவு சின்னப் பிள்ளையைக் கண்டதும் தள்ளி இருந்து இடம் விட்டார்கள். வயதான ஒருவர் மட்டும் குனிந்து, "என்ன பிள்ளை, மிதிவெடியோ?" என்று தாயிடம் கேட்டார். அவருக்கு வேறு காரணம் ஒன்றும் நினைவில் வரவில்லைப் போலும்.

"இல்லை ஐயா. இவன்ரை தேப்பன்" என்றாள் சாரங்கா.

அவர் நிமிர்ந்து இருந்தார். தன்னிடம் இருந்த தோடம்பழத்தை உரித்து அக்சரனிடம் கொடுத்தார்.

பிணையில் வந்த ஜெயந்தன் தமக்கை வீட்டில் இருக்கிறான். சாரதி அனுமதிப்பத்திரம் இல்லை. வயல் வேலைக்குப் போகிறான். குடிப்பதில்லை என்று சிவனேஸ்வரி எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறா, உண்மையாகவும் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து படலைக்கு வெளியே நிற்பான். முதல் நாள் அவனைக் கண்டதும் அக்சரன் புதுக் காலை மாட்டவும் பொறுக்காமல், ஒற்றைக் காலால் கெந்திக்கொண்டே முற்றத்தைத் தாண்டினான். ஜெயந்தன் படலைக்கு மேலால் கையை நீட்டி அவனைத் தூக்கினான். தூக்கினவனுக்குக் கையில் பாரம் குறைந்தது தெரிந்திருக்க வேண்டும். மகனின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றான்.

லதுசிகா வெளியே வரவில்லை. அறைக்குள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, தாளைப் புரட்டாமல் இருந்தாள்.

"சாரங்கா" என்று அவன் கூப்பிட்டான். "நான் உள்ளை வரட்டோ?"

அவள் குசினி வாசலில் நின்றாள். கையில் கழுவின அரிசி. சரி என்று சொல்லலாம். சொன்னால் ஊர் வாய் மூடும், மகனுக்குத் தகப்பன் கிடைப்பான், வீட்டில் இன்னொரு உழைப்பும் இருக்கும். எல்லாவற்றையும் அவள் யோசித்திருந்தாள்.

"பிள்ளையைப் பாத்திட்டுப் போங்கோ" என்றாள். "இப்ப அவ்வளவுதான்."

அவன் தலையை ஆட்டினான். கோபம் வரவில்லை. வெயில் ஏறும்வரை படலைக்கு அந்தப் பக்கம் நின்று மகனோடு கதைத்துக்கொண்டிருந்தான். சாரங்கா உள்ளே போய் உலையில் அரிசியைப் போட்டாள்.